நண்பர்களோடு லட்சத்தீவுக்குக் கப்பற்பயணம்: கிளம்பும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

கப்பலில் தீவு தீவாகப் போய்வரலாம் என்று நண்பர் குழுவில் ஒருவர் சொன்னவுடன், மற்றவர்களின் மனத்தில் நீச்சல் குளமும் இரவு நடனமும் மதுக்கூடமும் கொண்ட ஓர் உல்லாசக் கப்பல் வந்து நின்றுவிடும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பல் அத்தகையது அன்று. சிகிச்சைக்கும் படிப்புக்கும் கொச்சி வந்து திரும்பும் தீவு மக்களும் பயணம் செய்யும் கப்பல் அது. அதில் சுற்றுலாப் பயணிகளுக்கும் இடம் தருகிறார்கள். லட்சத்தீவில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. தீவு மக்கள் ஏறத்தாழ அனைவரும் இஸ்லாமியர் என்பதால் ஊருக்குள்ளும் கடற்கரையிலும் உடையில் அடக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. இவ்விரண்டையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவர் இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விலகிக்கொள்வது அனைவருக்கும் நல்லது.

லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு ‘சமுத்திரம்’ என்ற பெயரில் நடத்திவரும் ஐந்து நாள் திட்டமே குழுவாகச் செல்பவர்களுக்கு ஏற்றது. எம்.வி. கவரத்தி என்ற கப்பல், சுமார் 400 கி.மீ. தொலைவிலுள்ள கவரத்திக்கும் மினிக்காய்க்கும், அவற்றைவிடக் கொச்சிக்கு அருகிலுள்ள கல்பேனிக்கும் அழைத்துச் செல்லும். இரவில் கப்பல் ஓடும். பகலில் ஒரு தீவில் இறங்கி, மதிய உணவு உண்டு, கடலாடி, மாலையில் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். படுக்கை எப்போதும் கப்பலில்தான் என்பதால், ஒவ்வொரு தீவிலும் விடுதி தேடி மூட்டையைச் சுமக்கும் தொல்லை இல்லை. தீவுகளின் வரிசை கடலின் நிலைக்கேற்ப மாறலாம். அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரையே பயணத்துக்கு உகந்த காலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சிறு படகில் இறங்குவதே கடினமாகிவிடும்.

குழுவில் எத்தனை பேர் என்பதைக் கப்பலின் அறைகளைப் பார்த்துத் தீர்மானியுங்கள். இருவர் தங்கும் அறை, நால்வர் தங்கும் அறை என்று இருப்பதால், நான்கு அல்லது எட்டுப் பேர் என்றால் அந்நியரோடு அறையைப் பகிர வேண்டிய நிலை வராது. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஐந்தாமவர் யார் என்ற கேள்வி கப்பலில் ஏறிய பிறகு எழுந்தால், அது நட்புக்குக் கேடு.

நுழைவு அனுமதிதான் பயணத்தின் கழுத்து நரம்பு. தீவுகளுக்குள் நுழைவதையும் தங்குவதையும் கட்டுப்படுத்தும் 1967 ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியக் குடிமக்களும் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். விண்ணப்பம், அடையாளச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு காவல்துறைச் சான்றும் தேவையா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஒருவரே பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். “அவன் அனுப்பியிருப்பான்” என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கும் குழுவில், கடைசியில் ஒருவரின் தாள் மட்டும் விடுபட்டிருக்கும். பயணச்சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி எழுதும் நம் பழக்கம் இங்கே வீண் விசாரணைக்கு இடம் கொடுக்கும்.

பணப் பொறுப்பு இன்னொருவருக்கு. திட்டத்தின் கட்டணத்தில் எது அடங்கும், நீருக்கடியில் முழுகிப் பார்க்கும் விளையாட்டுகளுக்குத் தனியே எவ்வளவு என்பதைப் பிரித்துக் கேளுங்கள். நீந்தத் தெரியாதவரும் ஆழ்கடலில் முழுக விரும்புபவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். எல்லாச் செலவையும் சமமாகப் பங்கிடுவது நியாயமாகத் தோன்றினாலும், நீரில் இறங்காதவருக்கு அது மனக்குறையாகவே தங்கும். பொதுச் செலவைப் பொதுப் பையிலிருந்தும், விளையாட்டுச் செலவை அவரவர் பையிலிருந்தும் செய்யுங்கள். நடுக்கடலில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

கடல் மயக்கம் வராது என்று சவால் விடுபவரே முதலில் படுப்பார். மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. தலை சுற்றினால் அறைக்குள் முடங்காமல் மேல்தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பாருங்கள். மினிக்காய்க்குப் போகும் வழியில், சுமார் 200 கி.மீ. அகலமுள்ள ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் கடற்பகுதியைக் கடக்கும் நேரத்தில் வயிறு நிறைய உண்ணாதிருப்பது நலம்.

பவளப் பாறைகள் சூழ்ந்த காயல்கள் ஆழமற்றவை. எனவே பெரிய கப்பல் வெளியே நின்றுகொள்ள, நீங்கள் ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு இறங்க வேண்டும். இரு கைகளும் காலியாக இருக்கட்டும். பை முதுகில், கைப்பேசி நீர்புகா உறையில், காலில் வழுக்காத செருப்பு. படகுக்காரர் கை நீட்டும்போது உடனே இறங்குங்கள். படம் எடுக்கத் தயங்கி நின்றால் அலை காத்திராது.

மூன்று தீவுகளிலும் ஒரே விதமாகப் பொழுதைக் கழிக்காதீர்கள். கவரத்தியில் உஜ்ரா மசூதியின் மரக்கூரைச் சிற்பத்தை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். கல்பேனியின் அகன்ற காயல் நீந்தக் கற்பவர்களுக்கு ஏற்றது. கரையோரம் குவிந்து கிடக்கும் பவளக் கற்கள் 1847 இல் வீசிய பெரும் புயல் ஒதுக்கியவை. மினிக்காயில் மலையாளம் அன்று, மாலத்தீவு மொழியோடு உறவுள்ள மஹல் பேசப்படுகிறது. 1885 இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தில் ஏறினால் தீவின் நீளம் முழுவதும் கண்ணில் விரியும். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யும் மாசிக்கருவாட்டுக்குப் பெயர்போன இடமும் இதுவே. கீழக்கரையிலும் இலங்கையிலும் சம்பலுக்குச் சேர்க்கும் அதே மாசிதான். வாங்கினால் மூன்று உறைகளில் சுற்றுங்கள், அறை நண்பர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

பவளத்தை மட்டும் பையில் போடாதீர்கள். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை; கரையில் காய்ந்து கிடக்கும் துண்டை எடுத்தாலும் சிக்கல் வரலாம்.

கப்பல் கொச்சியைத் தொடும் நாளில், எர்ணாகுளத்திலிருந்து ஊர் திரும்பக் காலை ரயிலுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். கடல் முரண்டு பிடித்தால் மணிக்கணக்கில் தாமதமாகும். இரவு ரயிலே பாதுகாப்பு.