ரீசெட் ஆன ஃபோட்டோஷாப்பில் உங்கள் ஷார்ட்கட்களை மீட்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கேட்டலாக்குக்குப் படம் திருத்துகிறவரோ, அஞ்சு ரோடு பக்கம் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவரோ மெனுவைத் திறந்து திறந்து வேலை பார்ப்பதில்லை. ஒரு ஜோடிக் கொலுசைப் பின்னணியிலிருந்து பிரிப்பதென்றால், கண்ணிகளின் ஓரமாகவும் ஒவ்வொரு சலங்கையின் வளைவிலும் திருகாணி வரையிலும் பென் டூலால் பாதை போட்டு, அதைச் செலக்‌ஷனாக்கி, மாஸ்க் செய்து, வெள்ளியில் ஏறியிருக்கும் மஞ்சள் சாயலைக் குறைத்து, லேயர்களை ஒன்றாக்கிச் சேமிப்பது வரை இடது கை விசைப்பலகையை விட்டு எழுவதே இல்லை. சாஃப்ட்வேரின் ப்ரிஃபரன்ஸ் ரீசெட் ஆகும்போது, அதாவது நாம் மாற்றிவைத்த அமைப்புகள் போய் அது ஆரம்ப நிலைக்குத் திரும்பும்போது, இந்தப் பழக்கம்தான் முதலில் அடிபடுகிறது. இருந்தாலும், ஷார்ட்கட்கள் முற்றிலும் அழிந்துபோவது பலர் நினைப்பதைவிடக் குறைவு. எங்கே தேடுவது என்பது தெரிந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தேடுவதற்கு முன், உண்மையிலேயே தொலைந்திருக்கிறதா என்று பாருங்கள். மணமக்களின் பெயரையோ ஃபிளெக்ஸ் வாசகத்தையோ தமிழில் தட்டச்சு செய்துவிட்டு மொழியை மாற்ற மறந்திருந்தால், பிரஷுக்கான பி, மூவ் டூலுக்கான வி போன்ற ஒற்றை எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழியை மாற்றும் கட்டளையாக இருப்பது வழக்கம் என்பதால், ஃபோட்டோஷாப்பில் அந்த விசைகள் வரும் ஷார்ட்கட்டை அழுத்தும்போதே மொழி மாறிவிடவும் கூடும். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் எந்த மொழி காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி இந்தத் தொல்லை வந்தால், விண்டோஸின் மேம்பட்ட கீபோர்டு அமைப்பில் மொழி மாற்றும் விசையையே நீக்கிவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்த முறையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எஃப் வரிசை விசைகள் மட்டும் மக்கர் செய்தால், லேப்டாப்பின் எஃப்என் விசை பூட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரீசெட் ஆனது உறுதியானால், வேறெதையும் மாற்றாமல், இப்போது இருக்கும் கோப்புகளை முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், இருபுறமும் சதவீதக் குறியிட்டுத் தட்டினால், ரோமிங் என்ற ஃபோல்டர் திறக்கும். இது சாதாரணமாக மறைந்திருக்கும் இடம் என்பதால், சி டிரைவில் தேடிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதற்குள் அடோபி ஃபோல்டரில், நீங்கள் பயன்படுத்தும் ஃபோட்டோஷாப் பதிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே டி டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

அந்த ஃபோல்டரில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ப்ரீசெட்ஸ் என்பதற்குள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்றொரு ஃபோல்டர் உண்டு. நீங்கள் பெயர் கொடுத்துச் சேமித்த தொகுப்புகள் கே.ஒய்.எஸ். என்ற நீட்சியுடன் அங்கே இருக்கும். இன்னொன்று, பதிப்பின் பெயரோடு செட்டிங்ஸ் என்று முடியும் ஃபோல்டர். பெயரிட்டுச் சேமிக்காமல் அவ்வப்போது செய்த மாற்றங்கள் அங்கே பி.எஸ்.பி. நீட்சியுள்ள கோப்பில்தான் நிற்கும். ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்துச் செய்யும் ரீசெட் இரண்டாவது இடத்தைத் துடைக்கிறது. முதல் இடத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே என்றோ ஒரு நாள் தொகுப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமித்தவர் ஏறக்குறைய தப்பித்துவிட்டார்.

அப்படிச் சேமித்திருந்தால் எடிட் மெனுவின் கீழ்ப்பகுதியில் உள்ள கீபோர்டு ஷார்ட்கட்ஸைத் திறந்து (ஆல்ட், ஷிஃப்ட், கண்ட்ரோலுடன் கே), மேலே செட் என்ற பட்டியலில் உங்கள் தொகுப்பைத் தேர்ந்து ஓகே கொடுத்தால் வேலை முடிந்தது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், எல்லா டிரைவ்களிலும் பென் டிரைவ்களிலும் கே.ஒய்.எஸ். கோப்புகளைத் தேடி, கிடைத்ததைப் ப்ரீசெட்ஸுக்குள் இருக்கும் அந்த ஃபோல்டரில் ஒட்டிவிட்டு, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து பாருங்கள்.

புதிய பதிப்பு நிறுவியபோது ஷார்ட்கட்கள் காணாமல் போயிருந்தால் அது இழப்பே அல்ல. பழைய பதிப்பின் ஃபோல்டர் ரோமிங்கில் தனியாக இருக்கக்கூடும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எடிட் மெனுவில் ப்ரீசெட்ஸ் என்பதன் கீழுள்ள மைக்ரேட் வசதியும் இதற்கென்றே இருக்கிறது. கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போய் விண்டோஸ் புதிதாகப் போடப்பட்டிருந்தால் நிலைமை வேறு. சி டிரைவை ஃபார்மட் செய்யாமல் போட்டிருந்தால், விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டரில் உங்கள் பழைய பயனர் ஃபோல்டர் முழுதும் இருக்கும். ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டும் அதைப் பொதுவாக 10 நாளில் தாமாகவே நீக்கிவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரின் நகல் எப்படியோ கையில் இருந்தால், அதை முழுதாகத் திரும்ப ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏதோ கோளாறு வந்ததால்தான் ரீசெட் செய்திருப்பீர்கள். ஃபோல்டரை முழுதாக ஒட்டினால் அந்தக் கோளாறும் கூடவே வந்துசேரும். ஃபோட்டோஷாப் மூடியிருக்கும்போது, கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற பெயருள்ள பி.எஸ்.பி. கோப்பை மட்டும், அதே பதிப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் வையுங்கள்.

ஆக்‌ஷன்களுக்குக் கொடுத்த எஃப் விசைகள் இந்தக் கோப்புகள் எதிலும் வராது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்கின் ரீடச், ஆல்பம் அளவு மாற்றம் போன்றவற்றை ஆக்‌ஷனாகப் பதிந்து எஃப்3, எஃப்5 என்று வைத்திருப்பவர்கள், ஏ.டி.என். நீட்சியில் சேமித்த ஆக்‌ஷன் கோப்பைத் தனியாக ஏற்ற வேண்டும். ஆக்‌ஷன் இருந்து விசை மட்டும் போயிருந்தால், ஆக்‌ஷனின் பெயருக்கு வலப்பக்கம் இரட்டைக் கிளிக் செய்து விசையைத் திரும்பக் கொடுக்கலாம். விண்டோஸில் எஃப்1 இதற்குக் கிடைக்காது. எஃப்4, எஃப்6 இரண்டையும் கண்ட்ரோலோடு சேர்க்கவும் முடியாது.

எந்தக் கோப்பும் அகப்படாதபோது, கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியைத் திறந்து கையால் அமைப்பதுதான் வழி. நினைவிலிருக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுக்க முயல வேண்டாம். இயல்பிலேயே ஷார்ட்கட் இல்லாத, ஆனால் நாள் முழுதும் தேவைப்படும் கட்டளைகளை முதலில் எடுங்கள்: ஆல்பம் செய்கிறவருக்குப் ப்ளேஸ் எம்பெடட், ஃப்ளாட்டன் இமேஜ், காஸியன் ப்ளர், நகைப் படம் திருத்துகிறவருக்கு ஹை பாஸ், ஷேடோஸ் ஹைலைட்ஸ். மெனு கட்டளைக்குக் கொடுக்கும் விசையில் கண்ட்ரோலோ எஃப் விசையோ இருந்தே ஆக வேண்டும். ஒற்றை எழுத்துகள் டூல்களுக்கு உரியவை. நீங்கள் கேட்கும் விசை ஏற்கெனவே வேறொன்றுக்கு இருந்தால் கீழே ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் அக்செப்ட் கொடுத்தால், அந்த இன்னொரு கட்டளை தன் விசையை இழந்து நிற்கும்.

அதே பெட்டியில் லெகசி அண்டூ ஷார்ட்கட்ஸ் என்றொரு டிக் இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பிலிருந்து கண்ட்ரோல் இசட் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அது கடைசி மாற்றத்தை மட்டும் நீக்கும், மறுபடி அழுத்தினால் திரும்பக் கொண்டுவரும். பழைய முறையில் கை பழகியவர்கள், ‘எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் ஏதோ இடிக்கிறது’ என்று குழம்புவது பெரும்பாலும் ரீசெட்டில் இந்த டிக் போய்விட்டதால்தான். டிக் கொடுத்தபின் ஃபோட்டோஷாப்பை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை எளிது. ரோமிங்கில் உள்ள கிம்ப் ஃபோல்டரில், 2.10 பதிப்பானால் மெனுஆர்சி என்ற ஒரே கோப்பு. 2025 மார்ச்சில் வெளியான 3.0 முதல் ஷார்ட்கட்ஸ்ஆர்சி. பெயரோடு கோப்பின் அமைப்பும் மாறியிருப்பதால், பழையதைப் பெயர் மாற்றி ஒட்டிப் பயனில்லை.

ஃபோட்டோஷாப்பில் எல்லாம் அமைந்தபின் செட் பட்டியலில் உள்ள பெயரைப் பாருங்கள். ஃபோட்டோஷாப் டிஃபால்ட்ஸ் என்பதற்குப் பக்கத்தில் மாடிஃபைட் என்று இருந்தால், மாற்றங்கள் இன்னும் பெயரில்லாமல்தான் நிற்கின்றன. பக்கத்திலுள்ள பொத்தானால் புதிய தொகுப்பாகச் சேமித்து, அந்தக் கே.ஒய்.எஸ். கோப்பையும் ஆக்‌ஷன் கோப்பையும் டி டிரைவிலும் பென் டிரைவிலும் போட்டுவையுங்கள். ஏற்காட்டில் விடுதியொன்றில் தங்கிப் படமெடுத்து, அங்கேயே இன்னொருவர் லேப்டாப்பில் திருத்த வேண்டி வரும்போதும் அதே பென் டிரைவ் உதவும். சம்மரைஸ் பொத்தான் எல்லா ஷார்ட்கட்களையும் பட்டியலாக்கி, பிரவுசரில் திறக்கும் கோப்பாகத் தரும். அதில் நீங்கள் மாற்றியவற்றை மட்டும் குறித்து அச்செடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தால், புதிதாகச் சேரும் டிசைனரும் கேட்டுக் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.