கேட் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கேட் (CAD, கணினியில் வரைந்து வடிவமைப்பது) கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், எந்த மென்பொருள் நல்லது?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். என்ன வரையப் போகிறீர்கள்? வரைந்து முடித்த கோப்பை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்? இந்த இரண்டையும் யோசிக்காமல் தொடங்கி, பல மாத உழைப்பைப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கேட் என்றாலே ஆட்டோகேட் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1982இல் வந்த ஆட்டோகேட், தாளில் பென்சிலும் ஸ்கேலும் வைத்துச் செய்த வேலையைத் திரைக்குக் கொண்டுவந்தது. கட்டட பிளான், வயரிங் படம் போன்றவற்றுக்கு இன்றும் அது அருமையாகக் கைகொடுக்கும். இயந்திர பாகம் வடிவமைக்கப் போகிறவருக்குத் தேவை வேறு: முப்பரிமாணத்தில் பாகங்களை உருவாக்கும் சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், க்ரியோ, ஃபியூஷன் வகை. கட்டடத் துறைக்கு ரெவிட் இருக்கிறது. அதில் சுவர் என்பது இரண்டு கோடுகள் அல்ல, சுவரேதான். சுவரை நகர்த்தினால் கதவும் கூடவே வரும். ஒரு கதவை நீக்கினால் கதவுப் பட்டியலிலிருந்தும் அது போய்விடும். நகை, படகு போல வளைவுகள் நிறைந்த வேலை என்றால் ரைனோவைப் பாருங்கள்.

அடுத்தது, பிளெண்டரையும் கேடையும் ஒன்றாகப் பார்ப்பது. பிளெண்டர் இலவசம், அழகான மென்பொருள், அனிமேஷனுக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் உருவங்கள் சின்னச் சின்னத் தட்டையான முகங்களால் ஆனவை. உருளை ஒன்றைச் சேர்த்தால் இயல்பாக அதற்கு 32 பக்கங்கள்தான் இருக்கும். 10 மி.மீ. விட்டம் கொடுத்து அந்த உருளையால் ஒரு துளை போடுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் 10 மி.மீ. சரியாக இருக்கும், எதிரெதிர் தட்டைகளுக்கு நடுவே அளந்தால் சுமார் 9.95 மி.மீ.தான். 10 மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் கம்பி அதில் நுழையாது. பக்கங்களைக் கூட்டலாம், அப்போதும் அது பலகோணம்தான். கேட் மென்பொருளில் வட்டம் என்பது மையமும் ஆரமும் கொண்ட உண்மையான வட்டம். அதனால்தான் பாகத்தைக் கடைந்து தருகிற பட்டறையில் எஸ்டிஎல் (STL, தட்டை முகங்களால் ஆன வடிவம்) கோப்பைப் பார்த்ததும் "ஸ்டெப் கோப்பு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். ஸ்டெப் (STEP) கோப்பில் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

பேர் பெற்றது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. கேட்டியா விமானத் தயாரிப்பு நிறுவனமான டஸோவுக்குள் 1977இல் பிறந்தது. விமானம், கார் உடற்பகுதி என்றால் அதன் பலம் தெரியும். அந்தத் துறைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் சரி. வீட்டில் 3டி பிரிண்டர் வைத்துச் சின்னப் பாகங்கள் செய்ய விரும்புகிறவருக்கு அது தேவையே இல்லை. வேலைக்காகக் கற்பவர் ஒரு காரியம் செய்யுங்கள்: நீங்கள் போக விரும்பும் பணிக்கான அறிவிப்புகளில் ஒரு இருபதை எடுத்து, அவற்றில் எந்த மென்பொருளின் பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் சொல்வதை விட அந்த எண்ணிக்கை நல்ல வழிகாட்டி.

உரிம நிபந்தனையைப் படிக்காமல் இறங்குவது பின்னால் வலிக்கும். ஃபியூஷனின் தனிநபர் இலவச உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 கோப்புகளை மட்டுமே திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம். பிரவுசரிலேயே ஓடும் ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவதை எல்லோரும் பார்க்கலாம். சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸுக்கு மட்டுமே. முழுக்க இலவசமான ஃப்ரீகேடில் இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை. முன்பெல்லாம் அதில், வடிவத்தை உருவாக்கிய படிகளில் முந்தைய ஒன்றைத் திருத்தினால், பின்னால் போட்ட ஃபில்லெட் (விளிம்பை உருட்டும் வளைவு) வேறு விளிம்புக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்புறம், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்டெப் மூலம் மாற்றும்போது வடிவம்தான் போகும், அதை உருவாக்கிய படிகள் போகாது. புதிய ரெவிட்டில் சேமித்ததைப் பழைய ரெவிட் திறக்காது. ஒரு குழுவோடு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், அவர்கள் வைத்திருக்கும் பதிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கற்பதையே கேட் கற்பதாக நினைப்பது. 80 மி.மீ. அகலத் தகடு ஒன்று, நடுவில் ஒரு துளை. இடது ஓரத்திலிருந்து 40 மி.மீ. என்று அளவு கொடுத்தால் துளை நடுவில்தான் இருக்கும், பார்க்க ஒரு குறையும் இல்லை. நாளை தகட்டை 100 மி.மீ. ஆக்கச் சொல்கிறார்கள். துளை 40இலேயே நிற்கும், நடுவிலிருந்து 10 மி.மீ. விலகி. முதலிலேயே "இது நடுவில் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை கொடுத்திருந்தால் தகடு வளர வளரத் துளையும் நகர்ந்திருக்கும். 1963இல் ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் மென்பொருளிலேயே இப்படி நிபந்தனை கொடுக்கும் வசதி இருந்தது. சாலிட்வொர்க்ஸில் இதற்கு ரிலேஷன் என்று பெயர், ஃபியூஷனில் கன்ஸ்ட்ரெயின்ட். எல்லா அளவுகளும் நிபந்தனைகளும் கொடுத்து முடித்தால் சாலிட்வொர்க்ஸில் நீலக் கோடு கறுப்பாகும், ஃப்ரீகேடில் கோடு பச்சையாகும். இந்தப் பழக்கம் ஒன்றில் படிந்துவிட்டால், மற்றொன்றுக்கு மாறும்போது பெயர்களைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். இது படிவதற்கு முன்பே மாதத்துக்கு ஒரு மென்பொருள் என்று தாவுகிறவர், ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலேயே நிற்கிறார். வீடியோவில் சொல்கிற அளவுகளை அப்படியே தட்டச்சு செய்வதும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

இரண்டு மென்பொருளுக்கு நடுவே தடுமாறுகிறீர்களா? கையில் கிடைக்கும் ஒரு பொருளை எடுங்கள், கதவுத் தாழ்ப்பாள் போதும். வெர்னியர் காலிபரால் அளந்து இரண்டிலும் வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள். வரைந்த பிறகு அதன் நீளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், எது உடைகிறது, அதை எதில் உங்களால் எளிதாகச் சரிசெய்ய முடிகிறது என்று.