தெஹோகோத்தே பழம் போட்டு மெக்சிகோ பொஞ்சே செய்வது எப்படி?

டிசம்பர் 16 முதல் 24 வரை மெக்சிகோவில் போசாதாஸ் என்னும் கிறிஸ்துமஸ் காலக் கொண்டாட்டம். அந்த இரவுகளில் பெரிய பானை நிறையப் பழங்கள் போட்டுச் சூடாகக் காய்ச்சும் பானம்தான் பொஞ்சே. கரும்பு, கொய்யா, புளி, பட்டை என்று எல்லாம் நமக்குப் பழகிய சாமான்கள். புதிது தெஹோகோத்தே மட்டும்தான்.

இது ஹாதார்ன் இனத்து மரம்; ரோஜா, ஆப்பிள் குடும்பம். தாவரவியலில் கிரட்டேகஸ் மெக்சிகானா. மெக்சிகோ, குவாத்தமாலா மலைப்பகுதிகளில் வளரும். கிளையில் முள், பூ வெள்ளை, பழம் எலுமிச்சையைவிடச் சின்னது, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். பச்சையாகக் கடித்தால் மாவு மாவாகப் புளிக்கும், எனக்குப் பிடிக்காது. வெந்தால்தான் வாசனை. பாகை இறுகவைக்கும் பெக்டின் அதிகம் என்பதால் ஜாமுக்கும் ஜெல்லிக்கும் அருமை.

தேவை: தண்ணீர் 3 லிட்டர், தெஹோகோத்தே அரை கிலோ, கொய்யா அரை கிலோ, ஒரு முழம் கரும்பு, பட்டை 2 துண்டு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, வெல்லம் 250 கிராம். அங்கே போடுவது பிலோன்சியோ, அதுவும் கரும்புவெல்லம்தான்.

1. தெஹோகோத்தேயைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டெடுத்துப் பச்சைத்தண்ணீருக்கு மாற்றுங்கள். கைச்சூடு பொறுக்கும்போது விரலால் நெருடினால் தோல் கழன்றுவிடும். காம்புக்கு எதிர்ப்பக்கம் கருப்பாகக் காய்ந்த பூமுனை ஒட்டியிருக்கும், அதை நறுக்கிவிடுங்கள். உள்ளே விதைகள் கல் மாதிரி. பழத்தைக் கீறி எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் குடிப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

2. வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, மீதித் தண்ணீரோடு பானையில் ஊற்றுங்கள். பட்டை, தோல் சீவிய கரும்புத் துண்டுகள், தெஹோகோத்தே சேர்த்து மிதமான தீயில் அரை மணி நேரம்.

3. புளிக்கரைசலும் நறுக்கிய கொய்யாவும் கடைசியில். 10 நிமிடம் போதும். கொய்யாவை முதலிலேயே போட்டால் கூழாகிவிடும்.

டம்ளருக்கு ஒரு கரும்புத் துண்டு, கொஞ்சம் பழம் என்று அள்ளி ஊற்றுங்கள். பெரியவர்கள் ரம் சேர்ப்பதும் உண்டு.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மெக்சிகன் கடைகளில் உறையவைத்த பழம் கிடைக்கும். பாகில் ஊறிய பாட்டில் கிடைத்தால் முதல் படி வேண்டாம், வெல்லத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் தேடும்போது, உடல் இளைக்க என்று ‘தெஹோகோத்தே வேர்’ கண்ணில் படும். தொடாதீர்கள். அப்படி விற்ற 10 சரக்குகளைச் சோதித்ததில் 9 இல் இருந்தது மஞ்சள் அரளி என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 இல் அறிக்கை வெளியிட்டது. அரளி இதயத்தை என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!