பிரான்சின் கிராமத்துக் கல்வீட்டைக் கோடையில் திருத்த நினைப்பவர்களுக்கு

பாரிஸ் புறநகரில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் கேட்கப்படும் விலையின் ஒரு பகுதிக்கே, லிமுசான் பகுதியின் க்ரூஸ் போன்ற மாவட்டங்களில் தோட்டமும் தானியக் கொட்டகையும் சேர்ந்த பழைய கல்வீடு கிடைத்துவிடுகிறது. அதனால் புதிதாக வந்த குடும்பங்களும் இன்று அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. வாங்கிவிட்டு ஒரே கோடையில் திருத்திக் குடியேறலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓகஸ்ட் மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதுதான். மேசன், தச்சர், கூரை வேலைக்காரர் என்று பெரும்பாலானோர் அப்போது விடுமுறையில் இருப்பார்கள்; கட்டடப் பொருள் விற்கும் இடங்கள் பலவும் மூடியிருக்கும். எங்கள் வீட்டுச் சன்னல்களை மாற்றுவதற்கான விண்ணப்பத்தை நாங்கள் ஜூன் நடுப்பகுதியில்தான் கொடுத்தோம். அனுமதி கைக்கு வந்தபோது ஜூலை முடிந்திருந்தது. அந்தக் கோடையில் ஒரு சன்னல்கூட மாறவில்லை. வேலை கோடைக்குரியது என்றால், அதற்கான காகிதங்கள் மாரிகாலத்துக்குரியவை.

வாங்கும்போது நொத்தாரிசு உங்கள் முன் வைக்கும் பரிசோதனை அறிக்கைகளைச் சடங்காக நினைத்துக் கையொப்பமிட்டுக் கடந்துவிடாதீர்கள். 1949க்கு முன் கட்டப்பட்ட வீடென்றால் பழைய வர்ணப்பூச்சில் ஈயம் உள்ளதா என்றும், 1997 ஜூலைக்கு முன் கட்டட அனுமதி பெற்றதென்றால் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) உள்ளதா என்றும் அந்த அறிக்கைகள் சொல்லும். குழந்தைகள் உள்ள வீட்டில், ஈயம் கலந்த பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்குவது மிகவும் ஆபத்தானது. கொட்டகைக் கூரையில் உள்ள சாம்பல் நிற அலைத்தகடு கல்நார் கலந்ததாக இருந்தால் அதை வெட்டவோ துளையிடவோ கூடாது. பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரில் வீட்டுக் கழிவுத் தொட்டியின் அறிக்கையும் இருக்கும்; அது விதிக்கு ஒவ்வாதது என்று எழுதப்பட்டிருந்தால், வாங்கிய ஓராண்டுக்குள் நீங்களே அதைச் சீர்செய்ய வேண்டும். அதற்குப் பல ஆயிரம் யூரோ தேவைப்படலாம் என்பதால் விலை பேசும்போதே அதைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். முன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள வாங்குபவருக்குப் 10 நாட்கள் உண்டு.

அடுத்து ஊர் மெரிக்கு, அதாவது நகரசபை அலுவலகத்துக்குப் போங்கள். சன்னல், கதவு, கூரை ஓடு என்று வெளித்தோற்றத்தை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னறிவிப்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கான காலம் பொதுவாக ஒரு மாதம். பாதுகாக்கப்பட்ட பழைய தேவாலயமோ கோட்டையோ 500 மீற்றருக்குள் இருந்தால், அரசின் மரபுக் கட்டடக் கலைஞரின் கருத்தையும் கேட்பார்கள் என்பதால் அது இரண்டு மாதமாகும். சன்னலின் மரத்தையும் வர்ணத்தையும்கூட அவர் தீர்மானிக்கலாம். அனுமதி கிடைத்ததும் தெருவிலிருந்து தெரியும்படி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அயலவர் ஆட்சேபிப்பதற்கான இரண்டு மாதம் அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது. பலகை வைப்பதற்கு முன்பே அயல்வீட்டுக் கதவைத் தட்டி, 'பொன்ஜூர்' சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று விளக்கிவிடுங்கள். எந்தச் சுவரில் எந்தக் காலத்தில் நீர் கசியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இனிச் சுவர். நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த வீடுகளின் சுவர் 50, 60 சென்ரிமீற்றர் தடிப்பில், உள்ளும் புறமும் கல் அடுக்கி, நடுவில் மண்ணும் சிறுகல்லும் நிரப்பிக் கட்டப்பட்டது. அடியில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும்; ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் போய்விடும். அதன் மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்றுவிடும். உட்பக்கம் பூஞ்சணம் படரும், சுவரில் பதிந்த தீராந்தியின் முனை உளுத்துப்போகும். யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அந்த அறிவை இங்கே கைவிட வேண்டாம்.

கடையில் இயற்கை நீரியல் சுண்ணாம்பு (NHL, நீர் சேர்ந்து இறுகும் வகை) என்று கேளுங்கள். பையில் 2, 3.5, 5 என்ற எண்களில் ஒன்று இருக்கும். எண் கூடக் கூடச் சாந்து கடினமாகும். க்ரூஸின் கருங்கல் சுவருக்கு 3.5 பொருந்தும், லுவார் ஆற்றுப் பக்கத்து மென்மையான வெண்கல்லுக்கு 2 போதும். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரை அல்லது மூன்று பங்கு சேர்ப்பார்கள். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, முதல்நாளே சுவரை நன்றாக நனைத்து, வெயில் ஏறும் முன் காலையிலும் பின்னேரம் நிழல் விழுந்த பக்கத்திலும் பூசுங்கள். 30 பாகைக்கு மேல் வெப்பம் போகும் நாட்களில் பூசினால் சாந்து இறுகும் முன்பே காய்ந்து உதிர்ந்துவிடும். பூசிய பின் சில நாட்கள் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு நீர் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எவரையும் வேலையில் விடாதீர்கள்.

சுவருக்கும் முன்னே கூரையைப் பாருங்கள். மேலிருந்து நீர் இறங்கும்வரை கீழே செய்யும் எந்த வேலையும் வீண். கைமரங்களைக் கூரான கருவியால் குத்திப் பாருங்கள். வண்டு குடைந்த மரம் மாவாகக் கொட்டும். கொட்டகையில் தகைவிலான் கூடுகள் இருந்தால் தொடாதீர்கள். தகைவிலான் குருவியும் அதன் கூடும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்த மூலை வேலையைக் குருவிகள் தெற்கே பறந்துபோகும் வரை தள்ளிவைக்க வேண்டும்.

கூலிக்கு ஆள் பிடிக்கும்போது, பதிவு எண்ணுள்ள ஆர்டிசானிடம் (சொந்தமாகத் தொழில் செய்யும் கைவினைஞரிடம்) எழுத்தில் விலைமதிப்பு வாங்கி, அவருடைய பத்தாண்டுக் காப்புறுதிச் சான்றிதழில் உங்கள் வேலையின் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பில் அவர் செய்யும் திருத்த வேலைக்குப் பெறுமதி சேர் வரி 10 வீதம், வெப்பக்காப்பு போன்ற சக்திச் சேமிப்பு வேலைக்கு 5.5 வீதம், நீங்களே கடையில் வாங்கும் பொருளுக்கு 20 வீதம். சக்திச் சேமிப்பு வேலைக்கான 'மாப்ரிம்ரெனோவ்' அரசு உதவி வேண்டுமானால் வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதன் நிபந்தனைகள் அடிக்கடி மாறுவதால் 'பிரான்ஸ் ரெனோவ்' நிலையத்தில் இலவச ஆலோசனை பெறுங்கள். உறவினர் வந்து சம்பளமின்றிக் கைகொடுப்பது வேறு, தெரிந்த தம்பிக்குக் கையில் காசு கொடுத்துப் பதியாமல் வேலை வாங்குவது வேறு. பின்னதற்கு மூன்று ஆண்டுச் சிறையும் 45,000 யூரோ தண்டமும் வரை விதிக்கலாம். அந்தத் தம்பி சாரத்திலிருந்து விழுந்தால் அவருக்கு எந்தக் காப்பும் இராது. தண்டத்தைவிட என்னை அச்சுறுத்துவது இதுதான்.

செப்ரெம்பர் கடைசிக்குள் வெளிப்பூச்சை முடித்துவிடுங்கள். சாந்து இறுகும் முன் உறைபனி பட்டால் கழன்றுவிடும். உட்சுவருக்கு வர்ணம் பூச அவசரப்படாமல் ஒரு மாரிகாலம் அப்படியே விட்டு, எங்கே ஈரம் காட்டுகிறது என்று கரிக்கட்டியால் சுவரிலேயே குறித்து வையுங்கள். அடுத்த கோடையின் வேலைப்பட்டியல் அதிலிருந்து கிடைக்கும்.