எம்.ஏ., எம்.எஸ்சி. புராஜெக்ட்: எங்கே ஆரம்பிப்பது?

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். 'தமிழக நீர் மேலாண்மை' என்று எழுதிக்கொண்டு போனால் கைடு சிரிப்பார். உங்கள் ஊர்க் கண்மாய் ஒன்றை மட்டும் எடுத்தால் வரலாற்று மாணவர் அதன் மடை, கலுங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) பராமரிப்பைப் பழைய ஆவணங்களில் தேடலாம், வேதியியல் மாணவர் அதே தண்ணீரில் நைட்ரேட் அளக்கலாம்.

அப்புறம் சோத்கங்கா தளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசம். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது செய்திருந்தால் பதற வேண்டாம், கடைசி இயலில் 'மேலாய்வுக்குரியவை' என்று பெரும்பாலும் ஒரு பகுதி இருக்கும், நல்ல தலைப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். (முன்னுரையைக் காப்பியடிக்காதீர்கள், மென்பொருள் பிடித்துவிடும்.)

அரசு ஆவணம் வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய நூலும் இதழும் என்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம். துறைத்தலைவர் கடிதம், அடையாள அட்டை இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பார்த்த ஒவ்வொரு தாளுக்கும் அரசாணை எண், துறை, தேதி மூன்றையும் அங்கேயே குறித்துவிடுங்கள். அடிக்குறிப்பு போடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

தண்ணீர் மாதிரி எடுப்பவர்கள் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். லேபிளில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். சரி, ஐஸ் பெட்டி? கட்டாயம் வேண்டும், வெயிலில் கிடந்தால் நைட்ரேட் அளவே மாறிவிடும்.