ஜாவாவில் எக்ஸ்எஸ்எல்டி மெதுவாக ஓடினால் எங்கே தேடுவது?

எக்ஸ்எஸ்எல்டி என்பது எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி; அந்த மாற்ற விதிகளை எழுதி வைக்கும் கோப்புதான் ஸ்டைல்ஷீட். அதில் கை வைக்கும் முன், நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். வேலை மூன்று கட்டமாக நடக்கிறது: ஸ்டைல்ஷீட்டைக் கம்பைல் செய்வது, எக்ஸ்எம்எல்லைப் படிப்பது, உருமாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சிஸ்டம்.நானோடைம் (ஜாவாவின் நேரம் அளக்கும் ஃபங்ஷன்) மதிப்பை எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஸ்ட்ரீம்சோர்ஸ் (கோப்பைப் படிக்காமல் அப்படியே உள்ளீடாகத் தரும் வழி) கொடுத்தால் கோப்பைப் படிப்பதும் ட்ரான்ஸ்ஃபார்ம் அழைப்புக்குள்ளேயே நடந்துவிடும். அதனால் அதே கோப்பை சாக்ஸ் பார்சரில் (எக்ஸ்எம்எல்லைப் படிக்க மட்டும் செய்யும் நிரல்) மட்டும் ஒருமுறை ஓட்டி, அந்த நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. கம்பைல்தான் நேரம் எடுக்கிறதா?
லூப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஸ்டைல்ஷீட்டைக் கொடுத்து நியூட்ரான்ஸ்ஃபார்மரை அழைத்தால், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கம்பைல் ஆகும். நியூடெம்ப்ளேட்ஸை ஒரே முறை அழைத்து, கிடைக்கும் டெம்ப்ளேட்ஸ் பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல த்ரெட்கள் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) பகிரலாம். ட்ரான்ஸ்ஃபார்மரை ஒரே நேரத்தில் பகிரக் கூடாது. த்ரெட்டுக்கு ஒன்று வேண்டும்.

2. படிப்பது இழுக்கிறதா?
கோப்பு சிறியது, சிபியுவும் சும்மா இருக்கிறது, ஆனால் புரோகிராம் நிற்கிறது என்றால் மேலே டாக்டைப் வரியைப் பாருங்கள். அதில் இணைய முகவரி இருந்தால் பார்சர் டிடிடியை (கோப்பின் அமைப்பு விதிகளைச் சொல்லும் தனிக் கோப்பு) எடுக்க நெட்வொர்க்குக்குப் போகும். ஜேஸ்டாக் (த்ரெட்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஜாவா கருவி) போட்டுப் பார்த்தால் த்ரெட் சாக்கெட்டில் காத்திருப்பது தெரியும். டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) போன்ற இடங்கள் இத்தகைய கோரிக்கைகளுக்கு வேண்டுமென்றே தாமதமாகப் பதில் தருவதும் உண்டு. என்டிட்டிரிசால்வர் (வெளிக் கோப்பை எங்கிருந்து எடுப்பது என்று பார்சருக்குச் சொல்லும் நிரல்) எழுதி, டிடிடியின் உள்ளூர் நகலைக் கொடுங்கள். டிடிடி ஏற்றுவதையே அணைத்துவிடலாம்தான்; ஆனால் அதில் வரையறுத்த என்டிட்டிகளும் (உரைக்குப் பதிலாக வரும் குறுக்குப் பெயர்கள்) இயல்பு மதிப்புகளும் கிடைக்காமல் போகும்.

3. உருமாற்றமே மெதுவா?
சரி, இப்போதுதான் ஸ்டைல்ஷீட்டின் முறை. உள்ளீட்டை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள். நேரம் நான்கு மடங்கு ஆனால், லூப்புக்குள் லூப் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்:

//வாடிக்கையாளர்[@எண் = $தேடும்எண்]

இது ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் தேடிப் பார்க்கும். 10,000 ஆர்டர்கள், 10,000 வாடிக்கையாளர்கள் என்றால் 10 கோடி ஒப்பீடுகள் வரை போகும். ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில் எக்ஸ்எஸ்எல்:கீ ஒன்றை அறிவியுங்கள்: மேட்ச் பகுதியில் வாடிக்கையாளர், யூஸ் பகுதியில் @எண். தேடும் இடத்தில் கீ ஃபங்ஷனை அழையுங்கள். இன்டெக்ஸ் ஒருமுறை உருவாகும், அப்புறம் ஒவ்வொரு தேடலும் நேராக அங்கே போகும். மற்ற சின்னச் சின்னத் திருத்தங்களை எல்லாம் இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாக்ஸன் (எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் ஒரு மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: டாம்சோர்ஸ் (டாம் என்ற மர வடிவில் நினைவகத்தில் ஏற்றிய ஆவணம்) கொடுத்தால் அது தன் சொந்த மரத்தில் ஓடுவதைவிட மெதுவாகவே ஓடும். டாம் வேறெதற்கும் தேவையில்லை என்றால் ஸ்ட்ரீம்சோர்ஸையே கொடுங்கள்.