அல்ட்ராசோனிக் மிஷின்: "லேசாத்தான் ஷாக் அடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள்

கோவையில் ஒரு நகைப் பட்டறை. பாலிஷ் போட்ட நகைகளில் ஒட்டியிருக்கும் மசியைப் போக்க தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதிர்க்கும் பத்து லிட்டர் அல்ட்ராசோனிக் மிஷின் ஒன்று வைத்திருந்தார்கள். ஹீட்டர் சூடாகவில்லை என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் தம்பி, தொட்டியின் விளிம்பில் கை பட்டபோதெல்லாம் சட்டென்று எடுத்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். "லேசாத்தாங்ணா அடிக்கும். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாதுங்ணா" என்றார். ஹீட்டரை அப்படியே விட்டுவிட்டு முதலில் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

அந்த லேசான குறுகுறுப்பைப் பழகிக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் யாரும் பழகிக்கொள்ள மாட்டார்கள். மிஷினுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் பேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்ன கெபாசிட்டர்கள். எர்த் சரியாக இருந்தால் அவை கசியவிடும் துளி மின்சாரம் எர்த்தில் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பாடி முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். மின்சாரம் மிகக் குறைவு என்பதால் குறுகுறுப்போடு முடிகிறது. ஆனால் அது சொல்லும் செய்தி ஒன்றுதான்: இந்த மிஷினுக்கு எர்த் இல்லை.

நாளைக்கு ஹீட்டர் ஒயரின் இன்சுலேஷன் கருகித் தொட்டியைத் தொட்டால், அதே விளிம்பில் முழு 230 வோல்ட் நிற்கும். ஈரக் கை, வெறுங்கால், ஈரத் தரை என்றால் உடம்பின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று கணக்கிடலாம். அப்படியானால் உடம்பில் பாய்வது 230 மில்லியாம்பியர். நெஞ்சு வழியாக ஐம்பது மில்லியாம்பியர் ஓரிரு நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும்.

மற்ற மிஷின்களைவிட இதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும்? தொட்டியின் அடியில், மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் ட்ரான்ஸ்டியூசர்களை எபாக்சி பசையால் ஒட்டியிருப்பார்கள். நொடிக்கு 28,000 அல்லது 40,000 முறை அவை அதிர வேண்டுமானால் பல நூறு வோல்ட் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஹீட்டர். மேலே சோப்புத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு மட்டும்தான். அந்தத் தண்ணீரில்தான் நாள் முழுக்கக் கூடையை இறக்கி ஏற்றுகிறோம்.

சரி, எர்த் எங்கே தொலைகிறது? பெரும்பாலும் சுவரிலேயே. ப்ளக்கில் மூன்று பின் இருக்கும். அதைச் சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் மூன்று ஓட்டை இருக்கும். பாக்ஸுக்கு வரும் ஒயரில் மட்டும் இரண்டே கோர், அதாவது உள்ளே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மட்டும் கம்பி. மேலே உள்ள பெரிய ஓட்டை சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது. எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். சாக்கெட்டில் போகவில்லை என்று அந்தப் பின்னை ஒடித்துவிடுவதும், டூ பின் அடாப்டர் போடுவதும் அந்தப் பாதுகாப்பையே கழற்றி எறிவதுதான். மூக்குக்கண்ணாடி கழுவும் சின்ன பிளாஸ்டிக் மிஷின்கள் சிலவற்றில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். அவை எர்த் இல்லாமலே ஓடும்படி இரட்டை இன்சுலேஷனோடு செய்தவை. டூ பின் அவற்றுக்கு மட்டும்தான்.

இன்னொரு கைவேலை, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. குறுகுறுப்பு உடனே நின்றுவிடும், அதனால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். என்றாவது நியூட்ரல் எங்காவது அறுந்தால், மிஷினின் சுவிட்ச் ஆன் ஆன நொடியே பேஸ் உள்ளே சுற்றி வந்து தொட்டியில் ஏறும். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

"எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகிடும்" என்று நம்புகிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக அணையும் சுவிட்சுதான் எம்.சி.பி. கோடையில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்துபோன எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் பாடியில் பட்டால் அதன் வழியாகப் போவது 230 வகுத்தல் 20, அதாவது பதினொன்றரை ஆம்பியர். பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. தொட்டியோ கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜில் நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் எர்த்தோடு, கரண்ட் கசிந்தாலே துண்டித்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். ஏ டைப் கிடைத்தால் நல்லது. உள்ளே டையோடுகள் உள்ள இந்த மாதிரி மிஷின்களின் கசிவை அது சரியாகப் பிடிக்கும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆனால் அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யைத்தான் சோதிக்கிறது. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அது ட்ரிப் ஆகும்.

அடிக்கடி ட்ரிப் ஆகிறது, வேலை கெடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். அது வீணாக ட்ரிப் ஆகவில்லை. ஹீட்டரில் ஈரம் ஏறியிருக்கலாம், அல்லது தொட்டியே ஓட்டையாகியிருக்கலாம். கூடை இல்லாமல் மோதிரத்தையும் வளையலையும் தொட்டியின் அடியிலேயே போட்டு ஓட்டினால், அந்த இடத்தில் ஸ்டீல் அரித்து, முதலில் மங்கலான திட்டாகவும் பிறகு ஊசிக் குத்துகளாகவும் தெரியும். ஒரு ஊசித்துளை போதும், சோப்புத் தண்ணீர் நேராக ட்ரான்ஸ்டியூசர் மேல் சொட்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, டார்ச் அடித்து அடித்தகட்டைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும்போதும் கொட்டும்போதும் ப்ளக் வெளியே இருக்கட்டும்.

அப்புறம், இந்த மிஷினுக்கே உரிய ஒரு சிக்கல். நாள் முழுக்க அதிர்கிற மிஷினில் எந்த நட்டும் அப்படியே இருக்காது. எர்த் ஒயர் பாடியில் சேரும் நட்டு மெதுவாகத் தளரும். சில மிஷின்களில் பெயிண்ட் மேலேயே ஒயர் முனையில் உள்ள வளையத்தை (ரிங் டெர்மினல்) வைத்து முடுக்கியிருப்பார்கள். பார்க்க உறுதியாக இருக்கும், மின்சாரத்துக்கு அங்கே வழி இருக்காது. பெயிண்டைச் சுரண்டி, பல்லுள்ள ஸ்டார் வாஷர் போட்டு முடுக்க வேண்டும். வெளிப்பாடிக்கு எர்த் இருந்தும் தொட்டிக்கு இல்லாமல் போவதும் உண்டு. தொட்டியைச் சிலிக்கான் பசையால் பாடியில் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே இருக்கலாம். நாம் கை வைப்பதோ தொட்டியில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு முனையை அதன் எர்த் பின்னிலும் இன்னொரு முனையைத் தொட்டியின் உட்புற ஸ்டீலிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மீட்டரை வைத்தபடியே ஒயரை மிஷினுக்குள் நுழையும் இடத்தில் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே தளர்ந்திருக்கிறது. டெஸ்டர் எரியவில்லை என்பதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு போட்டுப் பார்க்கும் பழக்கமும் ஆபத்தானது. எர்த் குழி செத்திருந்தால், அந்தப் பல்பு வழியாகக் கட்டடத்தில் உள்ள ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் பாடிக்கும் பேஸ் போய்விடும். குழியின் தடையை அளக்க அதற்குரிய மீட்டரோடு எலக்ட்ரீஷியன் வரட்டும்.

மிஷினைத் திறக்கும் வேலையும் தெரிந்தவரிடமே இருக்கட்டும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். கழற்றி வைத்த ட்ரான்ஸ்டியூசர்கூடச் சூடாகி ஆறும்போது தானாகவே வோல்ட்டேஜ் சேர்த்துக்கொண்டு கையைச் சுண்டும்.

அந்தப் பட்டறையில் குறுகுறுப்புக்குக் காரணம் இரண்டு கோர் எக்ஸ்டென்ஷன்தான். மிஷினைத் திறந்தபோது எர்த் நட்டு விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஹீட்டர் ஓரத்தில் தண்ணீர் வழிந்த வெள்ளைக் கறை. ஹீட்டரை மாற்றி, தொட்டிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்து, சுவரிலிருந்து நேராக த்ரீ பின் சாக்கெட் போட்டு, ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டு மீட்டரைத் தொட்டியில் வைத்தேன். 0.2 ஓம். தம்பி முதலில் ஒற்றை விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முழுக் கையையும் வைத்தார்.